வழித்துணை

காவேரியின் கரையோரமாகவே மிதிவண்டியில் சென்றுவிடலாம் என்று எண்ணிப் புறப்படுபவர்கள் ஓரிடத்தில் ஆற்றை விட்டு விலகியே ஆகவேண்டும். ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் ஓரமாக, ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, மிதிவண்டிகள் செல்வதற்கேற்ற பாதை உண்டு. முதியவர்கள்கூட அதில் நாட்கணக்கில் பயணம் செய்கிறார்கள். காவேரி அவ்வளவு எளிதில் கரை கொடுப்பதில்லை. மேகதாட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் இடையில் அது ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் அடர்ந்த காட்டிலும் ஓடுகிறது; அங்கே கரையோரச் சாலை கிடையாது. சிவசமுத்திரத்தில் வீழ்ந்து கிழக்கே செல்லும் ஆறு, அர்க்காவதி வந்து கலக்கும் சங்கமத்தைத் தாண்டித் தெற்கே திரும்பி, ஒகேனக்கல் வழியாக மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடைகிறது. வரைபடத்தில் பார்த்தால் வளைத்த வில்லைப் போலிருக்கும். அந்த வில்லின் வளைவுக்குள் அமைந்திருப்பது மாதேஸ்வரன் மலை. மேட்டூரையும் கொள்ளேகாலையும் இணைக்கும் சாலை, வில்லுக்கு நாண் பூட்டியதைப் போல, அம்மலையின் மீது ஏறி இறங்குகிறது.

இரு நண்பர்கள் மிதிவண்டியில் காவேரியை எதிர்த்து மேல்நோக்கிச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேட்டூரைக் கடந்த பிறகு அவர்கள் வெகுதூரம் ஆற்றைக் காணாமலே செல்லவேண்டியிருக்கிறது. இதுவரை வழிகாட்டி வந்த நீர் மறைந்துவிடுகிறது. பக்கத்தில் வரும் மனிதன் மட்டுமே எஞ்சுகிறான். வழித்துணை என்று நம் முன்னோர் சொன்னார்களே, அது உண்மையில் எதைத் தருகிறது, எதைத் தர இயலாது என்று ஆராய்வதற்கு இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

சமவெளியில்

பவானி கூடுதுறையிலிருந்து மேட்டூர் வரை சாலை பெரும்பாலும் ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டியே செல்கிறது. அம்மாபேட்டை, நெருஞ்சிப்பேட்டை என்று ஊர்கள் வருகின்றன. கதவணைகளால் தேக்கப்பட்ட நீர், ஓடும் ஆறு என்பதைவிட ஏரிகளின் வரிசை என்று சொல்லும்படி அமைதியாக நிற்கிறது. பெரிய ஏற்றம் இல்லாததால் பேசிக்கொண்டே செல்லலாம்.

சமவெளியில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு முதல் எதிரி காற்று. கொங்கு நாட்டின் ஆடிக் காற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. காற்றே வீசாத நாளிலும், வேகம் கூடக் கூட நாம் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி எதிரிலுள்ள காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. முன்னால் செல்பவர் அதைப் பிளந்துகொண்டு போகிறார். அவருக்கு நெருக்கமாகப் பின்னால் செல்பவருக்கு உழைப்பில் கால் பங்கும் அதற்கு மேலும் மிச்சமாகலாம். ஆகவே பழகிய நண்பர்கள் முறை வைத்துக்கொண்டு மாறி மாறி முன்னால் செல்கிறார்கள். தண்ணீரையும் பகிர்ந்துகொள்கிறார்கள், ஒருவரிடம் பம்ப் இருந்தால் மற்றவரிடம் பஞ்சர் ஒட்டும் பசை இருக்கிறது. இவையெல்லாம் உண்மையான உதவிகளே.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறநூலில் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நண்பனின் நற்குணத்தின் பொருட்டே அவனை நேசிக்கும் நட்பு. முதல் இரண்டும், அவற்றுக்குக் காரணமான பயனும் இன்பமும் தீர்ந்தவுடன் தாமும் தளர்ந்துவிடும் என்கிறார். மூன்றாவது வகை அரிது; அதற்கு நெடுங்காலப் பழக்கம் வேண்டும்; சேர்ந்து உப்பைத் தின்று தீர்க்கும் வரை இருவர் ஒருவரை ஒருவர் அறியமுடியாது என்ற பழமொழியையும் அங்கே நினைவூட்டுகிறார். (உப்பையும் நட்பையும் இணைத்துப் பேசும் வழக்கம் நமக்கு மட்டுமே உரியதல்ல போலும்!) ஆனால் சமவெளியில் செல்லும்வரை இந்த மூன்றையும் பிரித்தறிய வழியில்லை. காற்றை மறைப்பதும் பேச்சினால் மகிழ்விப்பதும் நற்குணமும் ஒரே முகத்தோடு காட்சி தருகின்றன. பிரித்துக் காட்டுவதற்கு ஓர் ஏற்றம் வேண்டும்.

பாலாற்றைக் கடந்து

1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் முழுக் கொள்ளளவு 120 அடி. அதன் அடியில் பழைய ஊர்கள் கிடக்கின்றன. கோடையில் நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பலர் பார்த்திருக்கலாம். அணையைக் கடந்து கொளத்தூர் வழியாகச் சென்றால் பாலாறு வருகிறது. இந்தப் பாலாறு வேறு. வேலூர் வழியாக ஓடும் பாலாறு வேறு. அந்தப் பாலாற்றின் கரையிலுள்ள விரிஞ்சிபுரத்தில் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்றே பெயர். மிளகு வியாபாரி ஒருவருக்குக் கள்வர் பயம் நீங்க, வீரன் வடிவில் இறைவனே வழித்துணையாகச் சென்றதாகத் தலவரலாறு கூறுகிறது. பெயரொற்றுமை தற்செயலானதுதான். ஆனாலும் இந்தப் பாலாற்றைக் கடந்து காட்டுக்குள் நுழைபவர்களுக்கும் அதே பெயரைச் சொல்லத் தோன்றும்.

பாலாற்றில் தமிழகம் முடிந்து கர்நாடகம் தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டுக்கு முன் இந்த எல்லை இங்கே இல்லை. மலை அப்போது சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்பு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997-இல் அதிலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று இருக்கிறது. கோடுகள் மாறினாலும் பக்தி மாறவில்லை. சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டக் கிராமங்களில் மாதையன், மாதேஸ், மாது, மாதம்மாள் என்ற பெயர்களை எத்தனை வீடுகளில் கேட்கிறோம்! அவை யாவும் இம்மலையிலிருந்து இறங்கி வந்த பெயர்களே.

மாதேஸ்வரர் சுமார் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வீரசைவத் துறவி என்று கருதப்படுகிறார். வடக்கிலிருந்து வந்து, 77 மலைகளைத் தமக்கு இருப்பிடமாகக் கொண்டு, புலியின் மீது அமர்ந்து சென்றார் என்பது மரபு. அவருடைய கதையைக் கம்சாளே என்னும் வெண்கலத் தாளத்தை இசைத்து விடிய விடியப் பாடும் கலைஞர்கள் கர்நாடகத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவருக்கு முதன்முதலில் கோயில் எழுப்பியவர் ஆலம்பாடியைச் சேர்ந்த ஜுஞ்சே கவுடர் என்ற செல்வந்தர். ஆலம்பாடி மாடு என்று புகழ்பெற்ற இனத்துக்குப் பெயர் தந்த, ஒகேனக்கலை அடுத்த காவேரிக் கரைப் பகுதி அது. ஆற்றங்கரைச் செல்வமே மலைமேல் கோயிலாகியது. சோளகர்களும் வேடர்களும் ஆடுமாடு மேய்ப்போரும் அவருடைய கதைப்பாடல் முழுதும் நிறைந்திருக்கிறார்கள். காட்டில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களோடு சேர்ந்து வாழ்ந்த துறவி அவர்.

இந்தக் காட்டுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றருகே கண்ணிவெடியில் 22 பேர் உயிரிழந்தார்கள். பாலாற்றுப் பக்கம் பிரியும் சாலையில் சென்றால் வீரப்பன் பிறந்த கோபிநத்தம் வருகிறது. வீரப்பனைத் தேடி வந்த வன அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ், ராஜமுந்திரியிலிருந்து வந்தவர். அந்த ஊருக்கே வந்து தங்கினார். மருந்தகம் நடத்தினார், ஊராருக்கு மாரியம்மன் கோயில் கட்டித் தந்தார். தேடப்படுபவனைத் தண்டிப்பதைவிடத் திருத்துவது மேல் என்று அவர் நம்பினார். சரணடைவதாகச் சொல்லி அழைத்த வார்த்தையை நம்பி ஆயுதமின்றிச் சென்றவர், 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். மறு ஆண்டு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது அளிக்கப்பட்டது. அவர் கட்டிய கோயிலில் அம்மனோடு அவருடைய படத்தையும் வைத்து ஊர்மக்கள் வணங்கி வருகிறார்கள். அவர் ஏமாந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஊர் மக்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஓர் ஊரின் வழியாகச் செல்வது ஒன்று. அந்த ஊரோடு செல்வது மற்றொன்று.

மிதிவண்டியில் வருபவர்கள் காட்டில் கூடுதல் கவனத்தோடு இருக்கவேண்டியதற்கு ஒரு காரணம், அது சத்தமில்லாத வாகனம். பேருந்தின் ஓசையைக் கேட்டு விலகிவிடும் யானை, மிதிவண்டியை மிக அருகில் வந்தபின்பே உணர்கிறது. ஆகவே பகல் வெளிச்சத்தில் மட்டும், வனத்துறையும் கோயில் நிர்வாகமும் அவ்வப்போது விதிக்கும் கட்டுப்பாடுகளை முன்னதாகவே விசாரித்துக்கொண்டு, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் செல்லவேண்டும். நாம் இங்கே விருந்தினர், வழி அவற்றினுடையது. 2025 ஜூன் இறுதியில் இக்காட்டின் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் நஞ்சிடப்பட்ட மாட்டின் உடலைத் தின்று இறந்து கிடந்தன. புலிமேல் அமர்ந்த மாதேஸ்வரரின் படம் இல்லாத வீடு இந்த மலைப்பகுதியில் அரிது. படத்தில் வணங்கியதைக் காட்டில் கொன்றோம் என்பதை எந்தத் தத்துவத்தாலும் மென்று விழுங்க முடியாது.

ஏற்றம்

மேட்டூரிலிருந்து மலைக்கோயில் ஏறக்குறைய 50 கி.மீ. தூரம். கோயில் சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. அணையிலிருந்து கணக்கிட்டால் 2000 அடிக்கு மேல் ஏறவேண்டும். அதில் பெரும்பகுதி பாலாற்றுக்குப் பிறகு வருகிறது.

இங்கே ஒரு விந்தை நிகழ்கிறது. ஏற்றத்தில் வேகம் மனிதர் நடக்கும் வேகத்தை நெருங்கிவிடுவதால் காற்றின் தடை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. இப்போது போராட்டம் முழுதும் உடலின் எடையோடுதான். ஆகவே முன்னால் செல்பவரால் பின்னால் வருபவருக்கு எந்தப் பயனும் கிடையாது. மூச்சு வாங்குவதால் பேச்சும் நின்றுவிடுகிறது. அரிஸ்டாட்டில் சொன்ன முதல் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்கின்றன. நண்பன் நண்பனுக்காக ஓர் அடியும் மிதிக்க முடியாது.

கடோபநிஷதம் உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் புத்தியைச் சாரதியாகவும் காட்டி, ஆன்மாவைத் தேரின் தலைவன் என்கிறது. தேரில் இவை தனித்தனியே இருப்பதால் களைப்பது குதிரை என்று தலைவன் எண்ணிக்கொள்ள இடமுண்டு. மிதிவண்டியில் அந்த வசதி இல்லை. இழுப்பதும் நடத்துவதும் அமர்ந்திருப்பதும் ஒரே உடல். தொடை வலிக்கும்போது மனம் தன் வலியை வேறெங்காவது இறக்கிவைக்க இடம் தேடுகிறது. பக்கத்தில் இருப்பவன் நண்பன். 'இவன் மெதுவாக வருவதால் எனக்கு நேரமாகிறது' என்று முன்னவனுக்கும், 'இவன் என்னை விரட்டுகிறான்' என்று பின்னவனுக்கும் தோன்றத் தொடங்குகிறது. வேகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அகங்காரத்தின் நாகரிகமான பெயர்.

விரைவாகச் செல்பவன் வளைவில் நின்று காத்திருக்கிறான். இது நல்ல செயல்தானே என்று தோன்றும். சற்று உற்றுநோக்க வேண்டும். அவன் பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டான். மற்றவன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த அந்தக் கணமே, "போகலாமா?" என்று கேட்கிறான். வந்தவன் தலையசைக்கிறான், களைப்பைச் சொல்ல அவனுக்கு வெட்கம். மீண்டும் முன்னவன் மறைகிறான். அடுத்த வளைவிலும் இதுவே நிகழ்கிறது. விளைவு என்ன? வலிமை உள்ளவனுக்கு ஒவ்வொரு வளைவிலும் ஓய்வு கிடைக்கிறது. வலிமை இல்லாதவனுக்கு ஒரு வளைவிலும் கிடைப்பதில்லை. காத்திருந்ததாக முன்னவன் மனமார நம்புகிறான். அவன் காத்திருந்தது தன் களைப்பு தீர்வதற்காகவே. குடும்பங்களிலும் ஆசிரமங்களிலும் அலுவலகங்களிலும் நாம் பிறருக்குக் காட்டும் பொறுமை பல சமயங்களில் இந்த வகையைச் சேர்ந்ததே அல்லவா?

வெட்கப்பட்டுத் தலையசைத்தவனிடமும் அகங்காரம் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. 'முடியவில்லை, சற்று நில்' என்று சொல்வதற்குப் பணிவு வேண்டும். அதைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, பிறகு நண்பனைக் குறைகூறுவது நியாயமாகாது.

அனுபவமுள்ளவர்கள் இதற்கு எளிய வழியொன்றை வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் மெதுவாகச் செல்பவன் முன்னே செல்லவேண்டும். விரைவாகச் செல்பவன் பின்னே வரவேண்டும். "நீ முன்னாலே போ" என்ற ஒரு சொல் போதும். அப்போது காத்திருத்தல் என்பது வளைவில் நிற்பதாக இல்லாமல், ஒவ்வொரு மிதியிலும் கலந்துவிடுகிறது. தன்னால் இயன்ற வேகத்தைக் கால்களிலேயே அடக்கிக்கொண்டு பின்னால் வருவது கடினமான சாதனை. ஒரு மணி நேரம் தியானத்தில் அமர்வதைவிட இது சிலருக்குக் கடினமாக இருக்கக்கூடும்.

மறுநாள் தாளபெட்டா பக்கம் இறங்கும்போது விதி மாறுகிறது. அங்கே நெருங்கி வருவதே அபாயம். நெடுநேரம் அழுத்திப் பிடித்த பிரேக் கட்டைகள் சூடேறும். ஈரமான சக்கரத்தில் சரியாகப் பிடிக்காது. இருவருக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். ஏறும்போது அருகிலும் இறங்கும்போது தொலைவிலும் இருக்கத் தெரிந்தவனே துணை.

கண்டியூரில் நின்ற இருவர்

காவேரிக் கரையோரமாகச் சேர்ந்து பயணம் செய்த நண்பர்களை நம் மரபு நன்கறியும். நம் காலத்துக்கு அருகே, தி. ஜானகிராமனும் சிட்டியும் ஆற்றைப் பின்தொடர்ந்து சென்று எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971-இல் வெளிவந்தது. அந்நூலின் அட்டையில் இரு நண்பர்களின் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் இவ்வகைப் பயணத்தின் உட்பொருளைப் பெரியபுராணம் போல விளக்கிய நூல் வேறில்லை.

சுந்தரமூர்த்தி நாயனாரும் சேரமான் பெருமாள் நாயனாரும் திருவாரூரிலிருந்து தலங்களை வணங்கியவாறு சேரநாடு நோக்கிச் செல்கிறார்கள். ஒருவர் தம்பிரான் தோழர், மற்றவர் முடியரசர். காவேரியின் தென்கரையிலுள்ள கண்டியூரை வணங்கி வெளியே வரும்போது, வடகரையில் எதிரே திருவையாறு தெரிகிறது. ஆற்றில் இருகரை புரளும் வெள்ளம். ஓடம் செல்ல முடியாது. அக்கரை சென்று வணங்கவேண்டும் என்று தம் உள்ளம் உருகுவதைச் சேரமான் நண்பரிடம் சொல்கிறார். சுந்தரர் பதிகம் பாடுகிறார். ஒவ்வொரு பாடலையும் இறைவனைக் கூவியழைக்கும் ஓலத்தோடு முடிக்கிறார். மேற்குப் பக்கத்து வெள்ளம் பளிங்கு மலை போல் நின்றுவிட, கிழக்குப் பக்கம் வடிந்து மணற்பரப்பு தோன்றுகிறது. இருவரும் நடந்து சென்று வணங்குகிறார்கள். அவ்வாறே திரும்பி வந்து, கொங்கு நாட்டைக் கடந்து மலைநாடு செல்கிறார்கள்.

இதில் வெள்ளம் விலகியதையே பலரும் பெரிதாகப் பேசுவார்கள். சேக்கிழார் அதைச் சொன்ன வேகத்தில் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறார். அதிசயத்தைக் கண்ட சேரமான் நண்பரின் பாதங்களில் விழுகிறார். சுந்தரரோ எதிர்வணக்கம் செய்து, இது இறைவன் உமக்கு அருளியதல்லவா என்கிறார். அக்கரைக்குச் செல்லவேண்டும் என்ற வேட்கை முதலில் எழுந்தது சேரமானின் நெஞ்சில். நண்பரின் வேட்கையைத் தம் பிரார்த்தனையாக மாற்றிக்கொண்டார் சுந்தரர். பலன் கிடைத்ததும் அதை நண்பருடையதாக்கினார். அவரோ அதை இவருடையதாக்கினார். வேதாந்தம் கர்த்திருத்துவம் என்று சொல்லும் 'நான் செய்தேன்' என்ற எண்ணம் இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் கைமாறி, இருவரிடமும் தங்காமல் போய்விடுகிறது. தனியாக நின்ற ஒருவருக்கு இது எளிதில் வாய்ப்பதில்லை. கொடுப்பதற்கு எதிரில் ஆள் வேண்டுமே!

மாதேஸ்வரன் மலைக்கு வருபவர்களுக்கும் ஆற்றைக் கடக்கும் வழி ஒன்று உண்டு. மகா சிவராத்திரியை ஒட்டி பெங்களூரு, ராமநகரம், கனகபுரம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பக்தர்கள் நடந்தே புறப்பட்டு, சங்கமத்தை அடுத்த பகுதியில் காவேரியைக் கடந்து, காட்டின் வழியாக மலையை அடைகிறார்கள். அவர்களுக்கு ஆறு விலகி வழிவிடுவதில்லை. ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு நீரில் இறங்குகிறார்கள். 'உகே மாதப்பா' என்ற முழக்கம் கரையிலிருந்து கரைக்குச் செல்கிறது. பிடித்திருக்கும் கை எந்த ஊர்க்காரருடையது, எந்தச் சாதிக்காரருடையது என்று நடு ஆற்றில் யாரும் விசாரிப்பதில்லை.

தனியே செல்வது மேலல்லவா?

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. துறவு நெறிகள் தனிமையையல்லவா உயர்த்திப் பேசுகின்றன? பௌத்தர்களின் சுத்த நிபாதம் காண்டாமிருகத்தின் ஒற்றைக் கொம்பை உவமையாகக் காட்டித் தனித்துத் திரியுமாறு துறவிக்கு அறிவுறுத்துகிறது. அதே பகுதியில், விவேகமுள்ள தோழன் கிடைத்தால் அவனோடு மகிழ்ந்து செல்லலாம் என்றும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இருந்தாலும் மறுப்பு மறுப்புதான். துணை என்பது பற்றாக மாறிவிடாதா?

சுவாமி விவேகானந்தரின் வாழ்வில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது. 1890 ஜூலையில் அவர் தம் சகோதரத் துறவி அகண்டானந்தரோடு வராகநகர் மடத்திலிருந்து புறப்பட்டார். இமயத்தில் பதரிவரை செல்ல எண்ணம். அல்மோராவுக்கு வழியில், காக்ரிகாட்டில் ஆற்றங்கரை மரத்தடியில் அவருக்கு ஆழ்ந்த தியான அனுபவம் வாய்த்தது. பின்பு கர்ணப்பிரயாகையை அடைந்தபோது பஞ்சத்தின் காரணமாக மேலே செல்லும் வழி மூடப்பட்டிருந்தது, அகண்டானந்தரும் நோயுற்றார். அலகநந்தா கரையில் ஸ்ரீநகரில் தங்கினார்கள். பின்பு கங்கைக் கரையில் தனித்திருந்து தவம் செய்ய எல்லாம் அமைந்திருந்த வேளையில், அகண்டானந்தரின் மார்பு நோய்க்குச் சமவெளிக்கு இறங்கியே தீரவேண்டும் என்று மருத்துவர் கூறினார். விவேகானந்தர் தவத்தை விட்டுவிட்டு நண்பரோடு டேராடூனுக்கு இறங்கினார். அங்கே நோயாளிக்கு இடம் கேட்டு வீடு வீடாகச் சென்றார். பதரி அவருக்குக் கிட்டவில்லை.

அதே விவேகானந்தர் சில மாதங்களுக்குப் பிறகு, 1891 ஜனவரி இறுதியில், மீரட்டில் சகோதரத் துறவிகளைப் பிரிந்து தனியே புறப்பட்டார். அவர்களிடம் தாம் கொண்ட பாசமும் ஒரு கட்டு என்று அவர் உணர்ந்திருந்தார். தம்மைப் பின்தொடர வேண்டாம் என்றார். (அகண்டானந்தர் கேட்கவில்லை. ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் தேடி அலைந்து, கட்ச் பகுதியின் மாண்டவியில் அவரைக் கண்டுபிடித்தார்!)

இரண்டு செயல்களும் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். வரிசையைக் கவனித்தால் முரண்பாடு குறையும். முதலில் நோயுற்றவரைச் சுமந்து இறங்கினார். பிறகே தனித்துச் சென்றார். நோயுற்றவரை ஸ்ரீநகரில் விட்டுவிட்டுப் பதரிக்குச் சென்றிருந்தால் அதற்கும் தனிமை என்றே பெயர் சொல்லியிருக்கலாம். உள்ளே இருப்பது வேறாக இருந்திருக்கும். ஒருவன் தன் வேகத்துக்கு இடையூறு என்று பிரிகிறான். மற்றொருவன் தன் அன்பே தன்னைக் கட்டுகிறது என்று பிரிகிறான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மலைச்சாலையில் நண்பனைப் பின்னால் விட்டுச் செல்பவன், தான் தனிமையை நாடுவதாகத் தன்னிடமே சொல்லிக்கொள்வதற்கு முன் இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வாயிலில்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடைசி ஏற்றத்தில் ஒருவன் முன்னதாகவே கோயிலை அடைந்துவிடுவதுண்டு. கூட்டம் நகர்கிறது, வரிசை குறைவாக இருக்கிறது, உள்ளே சென்று தரிசித்துவிடலாம் என்று மனம் தூண்டுகிறது. மிதிவண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதாவது அவனை வெளியே நிறுத்திவைத்தால் நல்லதே.

சேரமான் பெருமாளின் நிறைவு இப்படித்தான் அமைந்தது. திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளானையின் மீது கயிலைக்குப் புறப்பட்டதைச் சேரமான் தம் உள்ளத்தால் அறிந்தார். உடனே குதிரையேறி, அதன் செவியில் ஐந்தெழுத்தை ஓதினார். குதிரை வானில் எழுந்து, வெள்ளானையை வலம்வந்து, அதற்கு முன்னே சென்றது. வழி முழுதும் முன்னால் சென்றவர் அவர்தான். ஆனால் கயிலையின் திருவாயிலில் அவர் தடுக்கப்பட்டு நின்றார். பின்னால் வந்த சுந்தரர் உள்ளே சென்று இறைவனை வணங்கினார்; வணங்கியபின், சேரமான் வாயிலுக்கு வெளியே நிற்கிறார் என்று விண்ணப்பித்தார். இறைவன் நந்தியெம்பெருமானை அனுப்பி அவரை உள்ளே அழைத்துவரச் செய்தார். 'நாம் அழையாமல் இங்கே வந்தது ஏன்?' என்று புன்முறுவலோடு கேட்டபோது, வெள்ளானைக்கு முன்னே போற்றிக்கொண்டு வந்ததாகவும், அருளாகிய வெள்ளம் தம்மை முன்னே தள்ளிக்கொண்டு வந்து புகுத்தியதாகவும் சேரமான் பதில் சொன்னார். பிறகு தாம் இயற்றி வந்த ஞானவுலாவைக் கேட்டருள வேண்டும் என்று வேண்டினார். இறைவன், சொல்லுக என்றார்.